அக்கினி மூலை அடுப்பு

எங்க தோட்டத்துக் கெணத்து மேட்டுல தலையில செவப்புத் துண்டு கட்டிக்கிட்டு ஒருத்தரு ஆடு மேச்சுட்டு நிக்கறாரே, அவரைக் கூப்புட்டா திரும்ப மாட்டாருங்க. முன்னால போயி நின்னு கையை ஆட்டோணும். ஊர்ப் பசங்களுக்கு அது ஒரு வெளையாட்டு. பின்னால நின்னுக்கிட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லிப்போட்டு இளிக்கறது. என்ற கண்ணுல பட்டானுங்கன்னா தொலைஞ்சானுங்க. அவனுங்க ஆத்தாளே வந்து சண்டைக்கு நிக்கற அளவுக்குத் திட்டி அனுப்புவேன். வரட்டுமே, எனக்கென்ன பயம்?

பேரு சின்னண்ணன். கெணறு வெட்டற எடத்துல பாறைக்கு வேட்டு வெக்கற ஆளு. ஆட்டையாம்பட்டியில இருந்து ராசிபுரம் வரைக்கும் தோட்டந் தோட்டமாக் கேட்டுப் பாருங்க, பாதிக் கெணறு அவரு வேட்டு வெச்சு எறக்குனதாத்தான் இருக்கும். பாறையில குழி அடிச்சு, வெடிமருந்துத் தோட்டா எறக்கி, திரியப் பத்த வெச்சுப்போட்டு மேல ஏறி வந்து, "வேட்டூ... வேட்டேய்"னு ஒரு சத்தம் போடுவாரு பாருங்க, நாலு காடு தாண்டிக் களை வெட்டறவங்க கூட மம்பட்டியப் போட்டுட்டு மரத்தடிக்கு ஓடுவாங்க. அந்தத் தொண்டைதான் இப்ப ஆட்டைக் கூப்புடுது. ஆடு திருப்பிக் கத்தறது அவருக்குக் கேக்காது.

போன வாரம் என்ற மக பொன்னாயி பள்ளிக்கூடம் உட்டு வந்தவ, பையைக் கூடக் கழட்டாம கேட்டா: "ஏம்மா, மேல போன ராக்கெட்டெல்லாம் ஒடஞ்சு தூளாகி இன்னும் சுத்திக்கிட்டே இருக்குதாமா. வருசா வருசம் கூடிக்கிட்டே போவுதாம். ஒன்னோட ஒன்னு மோதிக்கிட்டா இன்னும் தூளாவுமாம். டீச்சர் சொன்னாங்க. அதையெல்லாம் யாரும்மா பொறுக்குவாங்க?"

எனக்கு வந்துச்சு பாருங்க ஆங்காரம்! புள்ளை மேல இல்லீங்க. "யாரும் பொறுக்க மாட்டாங்க கண்ணு. டிவிக்கு ஒன்னு, போனுக்கு ஒன்னு, மழை வருமான்னு பாக்க ஒன்னுன்னு அவனவன் ஏத்தறதுலயேதான் குறியா இருக்கறான். யேவாரம் இப்ப வானத்துக்குப் போயிருச்சு. நம்மூரு சந்தைன்னா கலைஞ்ச பொறவு கூட்டறதுக்கு ஒரு ஆளாவது இருக்குது, அங்க அது கூட இல்ல"ன்னேன். அவ மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு, "உனக்கெதுக்கும்மா இத்தனை கோவம்?"னு கேட்டுட்டுப் போயிட்டா. எனக்கெதுக்குக் கோவமா? அவளுக்கு அப்ப ரெண்டு வயசு. அவளுக்கு ஒன்னும் நெனப்பில்ல. எனக்கு எல்லாம் இருக்குது.

எழுவத்தொம்பதாம் வருசம், ஆனி மாசம். இப்பப் பன்னெண்டு வருசம் ஆச்சு. புதுக் கெணறு எழுவது அடி எறங்கியாச்சு, ஒரு சொட்டுத் தண்ணி இல்ல, வெறும் பாறை. தண்ணி வந்தா கன்னிமாருக்கு வெட்டறதுன்னு ஒரு கெடாயை நேந்து உட்டு, அது கட்டுத்தறியில தின்னு கொழுத்து நின்னுச்சு. அந்தச் சமயத்துலதான் ஊரெல்லாம் ஒரே பேச்சு. அமெரிக்காக்காரன் வானத்துல ஊடு மாதிரி ஒன்னு கட்டி ஆளுங்களைக் குடி வெச்சிருந்தானாம். சோலி முடிஞ்சுதாம். ஆளுங்க எறங்கி அவங்கவங்க ஊட்டுக்குப் போயிட்டாங்களாம். ஊடு மட்டும் அந்தரத்துல அனாதையா நின்னுக்கிட்டு இப்பக் கொஞ்சங் கொஞ்சமா எறங்கி வருதாம். எங்க உழும்னு கட்டுனவனுக்கே தெரியாதாம். பேரு ஸ்கைலாப்.

வெட்டுன மண்ணை மேல ஏத்தற எடத்துல நின்னு நான் இதைச் சொல்லிட்டிருந்தப்ப, சின்னண்ணன் திரியை அளந்து அறுத்துக்கிட்டு இருந்தவரு நிமுந்து பாத்தாரு.

"ஏனுங்க அம்மிணி, அதை அங்க வெச்சவன் யாருன்னு தெரியுமுல்லங்க?"

"தெரியாம என்ன? அமெரிக்காக்காரன்தான்."

"அப்ப வெச்சவன்தானுங்க எடுக்கோணும். எடுக்காம எப்படிங்க ஊட்டுக்குப் போவான்? சோறு எறங்குமா அவனுக்கு?"

நான் சிரிச்சுட்டேன். அவரு சிரிக்கல. அவங்க சோலியில அது ஒரு சட்டமுங்க. வெச்ச குழியில ஒன்னு வெடிக்காம நின்னுபோச்சுன்னா, கெணத்துப் படியில முள்ளை இழுத்துப் போட்டுட்டு, ஒரு ராத்திரி ஆற உடோணும். காலையில வெச்சவனே தனியா எறங்கி, வெச்ச கையாலயே அதை எடுக்கோணும். அதுக்குள்ளார வேற யாராவது எறங்கி ஒன்னு ஆயிருச்சுன்னா அந்த உசுருக்கு வெச்சவன்தான் பொறுப்பு. இதைச் சொல்லிப்போட்டு அவரு மறுபடியும் திரி அறுக்கக் குனிஞ்சுக்கிட்டாரு.

பொதங்கெழமை உழும்னு பேச்சு. கெணத்து ஆளுங்க காத்தாலயே வந்து, "நாங்க ஊருக்குப் போறோமுங்க, சாவறதுன்னா புள்ளகுட்டிகளோட சாவறோம்"னு நிக்கறாங்க. சின்னண்ணன் உடல. "தோட்டா எறக்குன குழிய அப்படியே உட்டுட்டுப் போவ முடியாது. வெடிச்சுப்போட்டுப் போங்க"ன்னுட்டாரு. வெடிச்சாங்க. அவரு மேட்டுல உக்காந்து ஒவ்வொரு வெடியா எண்ணுனாரு. தென்கெழக்கு மூலையில வெச்ச ஒரு குழி மட்டும் வெடிக்கல. படியில முள்ளை இழுத்துப் போட்டாரு. கூட இருந்த ஆளுங்களுக்குச் சொன்னாரு. அவங்க தலைதெறிக்க ஊருக்கு ஓடிட்டாங்க. எங்ககிட்டச் சொல்லலாம்னு ஊட்டுக்கு வந்தா ஊடு பூட்டிக் கெடக்குது. எங்கூட்டுக்காரரு தங்கசாமி கடலைக்காய் மூட்டையோட சேலத்துச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போயிருந்தாரு. நான் புள்ளையத் தூக்கிக்கிட்டு மாரியம்மன் கோயலுக்குத் தண்ணி ஊத்தப் போயிட்டேன். பொழுதோட வந்து சொல்லிக்கலாம், முள்ளுதான் கெடக்குதேன்னு அவரு தன்ற குடிசைக்குப் போயிட்டாரு.

நான் கோயல்ல இருந்து திரும்புன பொறவு, உச்சிப் பொழுதுக்கு எங்கூட்டுக்காரரு வந்தாரு. வந்தவரு மூஞ்சியில ஈயாடல. பேட்டையில பாதிக் கடை சாத்திட்டாங்களாம், பஸ்ஸுல நிக்க எடமில்லையாம், எல்லாரும் சொந்த ஊருக்கு ஓடறாங்களாம். கட்டுத்தறிக்குப் போயி கன்னிமாருக்கு நேந்த கெடாயையே வெட்டிப்போட்டாரு. "சாமிக்கு நேந்ததுங்க"ன்னு நான் பதற, "நாளைக்கு நாமளே இருக்க மாட்டோம், சாமிக்கு யாரு வெட்டறது?"ன்னு எம்மேல பாஞ்சாரு. அப்பத்தான் பக்கத்துத் தோட்டத்து வெள்ளியங்கிரி வந்து சேந்தாரு. வாயிலயே பந்தல் போடற மனுசன். "தங்கசாமி, மேல இருந்து உழறது மேலதான உழும்? எழுவது அடிக்குக் கீழ உக்காந்தா அது நம்மளை என்ன பண்ணும்? உன்ற கெணறு சும்மாதான கெடக்குது"ன்னாரு. ஊரே அதைப் புடிச்சுக்கிச்சு.

முள்ளா? வேட்டு வெச்ச அன்னைக்கெல்லாம் பொகை அடங்கற வரைக்கும் முள்ளு கெடக்கறதுதானுங்க. ஆடு மாடு உழுவாம இருக்க வெறும் நாள்ல கூடப் போடறதுதான். அதை ஒருத்தரும் ஒரு பொருட்டா நெனைக்கல. கவைக்குச்சியால தள்ளி உட்டுட்டு எறங்குனோம். பொம்பளைங்க, புள்ளைங்க, கெழடுகட்டைங்க, ஒருத்தரு மூட்டை முடிச்சோட, ஒருத்தரு பெட்டைக் கோழியோட. அடியில துண்டு துண்டா காலையில வெடிச்ச கல்லு கெடக்குது. எங்கூட்டுக்காரரு எதை உட்டாலும் சாஸ்திரத்தை உடற ஆளில்ல. உலகமே அழியப் போவுதுன்னு எறங்கறாரு, அப்பவும் அடுப்பு அக்கினி மூலையிலதான் இருக்கோணும்னு தென்கெழக்கு மூலையப் பாத்து மூணு கல்லைக் கூட்டுனாரு. பெரிய போசிப் பாத்திரம் ஏறுச்சு. வெறகு எரிஞ்சுது. கறி கொதிச்சுது.

கொதிக்கறப்பத்தான் உப்புப் பத்தலைன்னு தெரிஞ்சுது. "அப்படியே ரேடியோவையும் கொண்டா புள்ளை, என்ன சொல்றான்னு கேக்கலாம்"னு இவரு சொல்ல, நான் மேல ஏறுனேன். பொன்னாயி அவரு மடியில தூங்கிட்டா. அடுப்புச் சூட்டுல அவ கன்னம் செவந்து கெடந்துது.

ஊட்டுக்குப் போயி உப்புப் பொட்டலமும் ரேடியோவும் எடுத்துக்கிட்டு மேட்டுக்கு வாரேன், சின்னண்ணன் கெணத்து விளிம்புல நிக்கறாரு. தள்ளிக் கெடந்த முள்ளைப் பாக்கறாரு. கீழ இருந்து வர்ற பொகையப் பாக்கறாரு. என்னையப் பாத்ததும் ஓடி வந்து, தொடக்கூடாத ஆளு, என்ற கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு வேப்பமரத்துக்கிட்டக் கொண்டு போயிட்டாரு.

"அம்மிணி, அடுப்பு எந்த மூலையில வெச்சிருக்கறாங்க?"

"அக்கினி மூலையிலதான். ஏனுங்க?"

அவரு கண்ணை மூடிக்கிட்டாரு. பொறவு சொன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. அந்த மூலையில ஒரு குழி வெடிக்காம நிக்குது. உள்ள தோட்டா அப்படியே இருக்குது. திரி பாதியில அணைஞ்சு நிக்குது. அந்தக் கல்லுங்க நடுவுல எங்கயோ அதோட நுனி கெடக்கும். கங்கு பட்டா மறுபடியும் புடிச்சுக்கும்.

"பொன்னாயீ"ன்னு கத்தறதுக்கு வாயைத் தொறந்துட்டேன். அவரு கையால என்ற வாயைப் பொத்திட்டாரு. அந்தக் கையில வெடிமருந்து வாசம். இன்னைக்கும் மறக்கல.

"கத்துனீங்கன்னா எல்லாரும் ஒரேடியாப் படிக்குப் பாயுவாங்க அம்மிணி. படி ஒரு முழ அகலந்தான். பாதி உழுந்து சாவும், பாதி மிதிபட்டுச் சாவும். வேட்டுன்னு நான் கத்தினாலும் அதே கதிதான். மேல இருந்தா செத்துருவோம்னு பயந்துக்கிட்டுத்தான எறங்கியிருக்கறாங்க? பயம் போனாத்தான் ஏறுவாங்க."

"நான் என்ன பண்றதுங்க? சொல்லுங்க, என்ன பண்றது?"

அவரு என்ற கையில இருந்த ரேடியோவைக் காட்டுனாரு. "உழுந்துருச்சுன்னு சொல்லுங்க. கடல்ல உழுந்துருச்சுன்னு சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. ரேடியோ உங்களுது."

ரேடியோவுல அப்ப ஒருத்தன் கரும்புக்கு எரு வெக்கற பக்குவம் சொல்லிட்டிருந்தான். அதை அணைச்சேன். விளிம்புக்குப் போனேன். கீழ பாத்தா கிண்ணத்துக்குள்ள எறும்பு மொய்ச்சாட்டம் தலைங்க. மூலையில செவப்பா நெருப்பு. பக்கத்துல எங்கூட்டுக்காரரு, மடியில என்ற புள்ளை. நான் பொய் சொல்லாதவ இல்ல, எல்லாரையும் போலத்தான். ஆனா அந்த மாதிரிச் சிரிச்சுக்கிட்டே ஒரு பொய்யைப் பொறந்ததுல இருந்து சொன்னதில்ல.

"உழுந்துருச்சுங்கோ! ரேடியோவுல சொல்லிட்டான்! கடல்ல உழுந்து தொலைஞ்சுதாமா! எல்லாரும் மேல வாங்கோ!"

ஓன்னு ஒரு ஆரவாரம். வெள்ளியங்கிரி துண்டை மேல எறிஞ்சு புடிக்கறாரு. பொம்பளைங்க குலவை போடறாங்க. புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டுச் சில பேரு படி ஏற ஆரம்பிச்சாங்க. அப்பாடான்னு நான் மூச்சு உடறேன், கீழ இருந்து எங்கூட்டுக்காரரு குரல் வருது.

"எவன் வருவான் மேல? கறி பதமா வெந்துக்கிட்டு இருக்குது! உப்பைக் கொண்டா புள்ளை! இங்கயே தின்னுபோட்டு ஏறலாம்!"

ஏறுன ஆளுங்க கூட நின்னுட்டாங்க. ரெண்டு பேரு திரும்பியும் எறங்கறாங்க. அட பாவி மனுசா! பயந்து எறங்குன ஆளைப் பயம் தெளிய வெச்சா, இப்பப் பசி வந்து உக்காந்துக்கிச்சு. "மேல வந்து திங்கலாம், வாங்க"ன்னு கெஞ்சறேன். "வெறகை நல்லாத் தள்ளு, கொழம்பு சுண்டட்டும்"னு வெள்ளியங்கிரி சொல்றது எனக்குத் தெளிவாக் கேக்குது. ஒரு பையன் ஒரு கட்டை வெறகை எடுத்து மூலைக்குள்ள சொருவறான். அந்தக் கட்டை உள்ள போவப் போவ என்ற உசுரும் அதோடயே போவுது.

சின்னண்ணன் துண்டை இடுப்புல இறுக்கிக் கட்டிக்கிட்டு எறங்குனாரு. ஓடல, பாத்துக்கங்க. ஏறி வர்ற பொம்பளைங்களுக்கு ஓரமா ஒதுங்கி வழி உட்டு, "பாத்துப் போங்க தாயி, படி வழுக்கும்"னு சொல்லிக்கிட்டு எறங்குனாரு. அடிக்குப் போனாரு. அடுப்புக்கிட்டப் போயி நின்னாரு. அவரு மூக்கு விடைச்சது மேல இருந்தே எனக்குத் தெரிஞ்சுது. பொறவு கேட்டேன், "திரி கருகற வாசம் வந்துருச்சுங்க அம்மிணி"ன்னாரு.

எங்க ஊட்டுச் சட்டிபானையை அவரு அதுவரைக்கும் தொட்டதில்ல. நாங்க தொட உட்டதும் இல்ல. கேணத்தனமான வழக்கம், ஆனா அன்னைக்கு அதுதான் வழக்கம். அந்த மனுசன் குனிஞ்சு, கொதிக்கற போசியை ரெண்டு வெறுங்கையால புடிச்சு, அப்படியே அடுப்பு மேல கவுத்துட்டாரு.

கொழம்பும் கறியும் சுர்ர்னு நெருப்புல பாஞ்சுது. வெள்ளைப் பொகை குப்புனு எழுந்துது. ஊரே கொந்தளிச்சுப்போச்சு. "டேய்!"னு எங்கூட்டுக்காரரு எந்திரிச்சாரு. தூக்கத்துல இருந்த பொன்னாயி வீறுனு அழுவறா. புள்ளைய ஒரு கையில புடிச்சுக்கிட்டு மறு கையால சின்னண்ணன் கன்னத்துல உட்டாரு ஒரு அறை. எழுவது அடி மேல எனக்குக் கேட்டுது.

"சாமிக்கு நேந்த கெடாடா அது! எங்க ஊட்டுப் போசியத் தொடற அளவுக்கு ஆயிருச்சாடா உனக்கு?"

சின்னண்ணன் வெந்த கையைக் கூட ஊதிக்கல. கும்புடு போட்டாரு. "தப்புங்க சாமி. தப்புத்தானுங்க. வேற கெடா புடிச்சுத் தாரேனுங்க. ஆடிக்குள்ள தந்தர்றேன். இப்ப மேல வாங்க சாமி. அடிக்கறதை மேல வந்து அடிங்க. எல்லாரும் வாங்க, மேல கட்டி வெச்சு அடிங்க."

அதைத்தான் அவரு எதிர்பாத்தாருன்னு எனக்கு அப்பறம்தான் வெளங்குச்சு. கொழம்பு போச்சு, கீழ உக்காந்து என்ன பண்றது? திட்டிக்கிட்டே ஏறுனாங்க. ஒவ்வொருத்தரா ஏறுனாங்க. ஒரு கெழவன் பாதிப் படியில நின்னு மூச்சு வாங்கறான். அவன் பின்னால அத்தனை பேரும் நிக்கறாங்க. நான் மேல நின்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு, "வாங்கய்யா, வாங்க, இன்னும் ரெண்டு எட்டு"ன்னு கையை நீட்டறேன். சின்னண்ணன் கீழ அந்த மூலையில மண்டி போட்டுக் கல்லைப் புரட்டறாரு. ஒன்னு, அதுக்கடியில இன்னொன்னு. கொழம்புல அணையாம உள்ளார பொகையற திரியைத் தேடறாரு. கெடைக்கல. கடைசியா எங்கூட்டுக்காரரு புள்ளையோட ஏறறாரு. ஏறிக்கிட்டே திரும்பித் திரும்பி அவரைத் திட்டறாரு. மனுசன் திட்டறதுக்காகவே ரெண்டு எடத்துல நிக்கறாருங்க! எனக்கு அவரைக் கழுத்தைப் புடிச்சு மேல இழுத்துப் போடலாமான்னு இருந்துது.

புள்ளைய வாங்கி மாரோட அணைச்சேன். "சின்னண்ணா, எல்லாரும் வந்தாச்சு! ஏறி வாங்க!"ன்னு கத்தினேன்.

அவரு நிமுந்து பாத்தாரு. நல்லாப் பாத்தாரு, படியில ஆரும் இல்லைன்னு. பொறவுதான் ஓடுனாரு. அப்ப ஓடுனாரு பாருங்க, ரெண்டு ரெண்டு படியா. பாதிப் படிக்கு வந்தாரு. வாயைத் தொறந்து அந்தச் சத்தத்தைப் போட்டாரு, "வேட்டூ"ன்னு. முழுசா முடிக்கல.

பூமி ஒரு தூக்குத் தூக்கிப் போட்டுது. கல்லும் மண்ணும் கறித்துண்டுமா கெணத்து வாய்க்கு மேல எந்திரிச்சு உழுந்துது. ஊரே குப்புறப் படுத்துக்கிச்சு. "உழுந்துருச்சு! ஸ்கைலாப் நம்ம கெணத்துலயே உழுந்துருச்சு! நான் அப்பவே சொன்னேன்!"னு வெள்ளியங்கிரி அலறறாரு. என்ன சொன்னாரோ போங்க.

"ஸ்கைலாப் இல்லடா பாவிகளா! வேட்டு! காலையில வெடிக்காத வேட்டு! அது மேலதான்டா நீங்க கறி ஆக்குனீங்க!"

அவ்வளவுதான் சொன்னேன். எங்கூட்டுக்காரரு படுத்த எடத்துல இருந்து தலையைத் தூக்கி என்னையப் பாத்தாரு. அடுப்பு வெச்ச மூலை அவரு கண்ணுல வந்து நின்னுருக்கும். மடியில புள்ளைய வெச்சு உக்காந்திருந்த எடமும் வந்து நின்னுருக்கும். எந்திரிச்சாரு. "இன்னொரு வேட்டு இருந்தா என்ன பண்றது, போவாதே"ன்னு ரெண்டு பேரு துண்டைப் புடிச்சு இழுத்தாங்க. துண்டை உட்டுட்டு எறங்குனாரு. பொகைக்குள்ள போயி, படியில சுருண்டு கெடந்த சின்னண்ணனை முதுவுல போட்டுக்கிட்டு ஏறி வந்தாரு. ரெண்டு காதுல இருந்தும் ரத்தம் வந்து எங்கூட்டுக்காரரு தோளெல்லாம் நனைஞ்சு போச்சு. தொடக்கூடாது கிடக்கூடாதுன்னு பேசுன வாயி ஒன்னு கூட அப்பத் தொறக்கல.

வண்டி கட்டி ரோட்டுக்குக் கொண்டு போயி, ஒரு லாரியை மறிச்சு ஏத்திச் சேலத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புனோம். அன்னைக்கு ராத்திரி ஊரெல்லாம் வெட்ட வெளியில படுத்துத் தூங்குச்சு, உழுந்துருச்சேங்கற தைரியத்துல. மறுநாள்தான் சேதி வந்துது. அது ராத்திரி பத்து மணிக்கு மேலதான் எங்கயோ தெக்குக் கடல்லயும், கடலுக்கு அந்தாண்ட ஒரு நாட்டுலயும் உழுந்துதாம். நான் விளிம்புல நின்னு பொய் சொன்ன நேரத்துல அது வானத்துல சுத்திக்கிட்டுத்தான் இருந்திருக்குது. அந்த நாட்டுல ஒரு ஊருக்காரங்க, எங்க ஊர்ல குப்பை போட்டதுக்கு அபராதம் கட்டுன்னு அமெரிக்காக்காரனுக்கே சீட்டு எழுதுனாங்கன்னு பின்னால கேள்விப்பட்டேன். நல்லா வேணும்னு நெனச்சேன். நம்மூர்ல ஒருத்தன் ஒத்தைக் குழியை வெச்சுட்டு, அதுக்காக வெந்த கையோட கெடக்கறான். அத்தாம்பெரிய ஊட்டை மேல வெச்சவன் ஒருத்தனும் ஏணி போட்டு ஏறிப் பாக்கலையே! எத்தனை படிச்சவனுங்க!

வேட்டு வெடிச்ச அன்னைக்குப் பூராவும் எங்கூட்டுக்காரரு சோறு திங்கல. அடுத்த நாள் காலையில, "வா போலாம்"னு மட்டும் சொன்னாரு. பஸ்ஸேறிச் சேலத்துக்குப் போனோம். வழி நெடுக அவரு உதடு அசைஞ்சுக்கிட்டே வந்துது. என்ன சொல்றதுன்னு மனசுக்குள்ள கூட்டிக்கிட்டு வாராருன்னு எனக்குத் தெரியும். யாருகிட்டயும் மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாயி அது. என்கிட்டயே கேட்டதில்ல.

ஆஸ்பத்திரியில சின்னண்ணன் கையி ரெண்டுலயும் கட்டு, தலையிலயும் கட்டு. அவரு பொண்டாட்டி செல்லாயி கட்டிலுக்குக் கீழ உக்காந்திருந்தவ எங்களைப் பாத்ததும் எந்திரிச்சு ஒதுங்கி நின்னா. எங்கூட்டுக்காரரு கட்டில்கிட்டப் போயி நின்னாரு. குனிஞ்ச தலை நிமுரல.

"சின்னண்ணா, நான் உன்னையக் கை நீட்டிட்டேன். என்ற புள்ளைய எனக்குக் குடுத்தவனைக் கை நீட்டிட்டேன். அந்தக் கையில சோறு அள்ளித் திங்க முடியல சின்னண்ணா. நீ என்னைய மன்னிக்கோணும்"னாரு. எத்தனை தடவை வழியில சொல்லிப் பாத்தாரோ, ஒரே மூச்சுல சொல்லிட்டாரு.

சின்னண்ணன் அவரு வாயையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பொறவு எந்திரிச்சு உக்காரப் பாத்தாரு, முடியல. கட்டுப் போட்ட ரெண்டு கையையும் சேத்துக் கும்புட்டாரு. ஆஸ்பத்திரியே திரும்பிப் பாக்கற மாதிரிச் சத்தமாச் சொன்னாரு.

"மறக்கலீங்க சாமி! கை ஆறட்டுமுங்க! ஆடிக்குள்ள கெடா புடிச்சுத் தந்தர்றேனுங்க!"

"ரெண்டு காதும் போயிருச்சுங்க சாமி. நீங்க சொன்னது ஒன்னும் அவருக்குக் கேக்கலீங்க"ன்னா செல்லாயி.

எங்கூட்டுக்காரரு கட்டில் விளிம்புல அப்படியே உக்காந்துட்டாரு. கட்டுப் போட்ட அந்தக் கையைப் புடிச்சு மூஞ்சியில வெச்சுக்கிட்டு, சின்னப்புள்ளையாட்ட ஏங்கி ஏங்கி அழுதாரு. சின்னண்ணன் பதறிப்போயி அவரையும் என்னையும் மாறி மாறிப் பாத்தாரு. பொறவு என்ற பக்கம் திரும்பி, மெதுவாக் கேக்கறதா நெனச்சுக்கிட்டு, அதே சத்தத்துல கேட்டாரு.

"ஏனுங்க அம்மிணி, ஒரு கெடாய்க்கா சாமி இத்தனை அழுவறாங்க?"